அவசரமில்லை என்று சொன்னேன்

என்னோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள் நீங்கள். சின்ன வயதில் தாய் தகப்பனுக்காகத் தபாற்கந்தோரிலும் பள்ளிக்கூடத்திலும் மொழி மாற்றிச் சொன்னவர்கள் நம்மில் பலர். அந்தக் கதைகளைச் சிரித்துக்கொண்டுதான் சொல்லிக்கொள்வோம். நானும் சிரிப்பேன். உமக்கு இத்தாலிய மொழி எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், இருந்த வீட்டில் பழகினது என்று சொல்லி விட்டுவிடுவேன். அது பொய்யில்லை. மிச்சத்தை மட்டும் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. இப்போது ஹரிஸ் பார்க்கில் இறங்கினால் கறிவேப்பிலை கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. அந்த நாளில் அம்மா அதன் மணத்தை மறந்துவிடுவேனோ என்று பயந்தவ. சிட்னி முழுவதிலும் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் நாலோ ஐந்தோதான்.

லைக்கார்ட்டில் ஒரு செங்கல் வீட்டின் பின்பாதியை அப்பா வாடகைக்கு எடுத்திருந்தார். இரண்டு அறை, தகரக் கூரை போட்ட ஒரு குசினி. முன்பாதியில் வீட்டுக்காரர்களான இத்தாலியக் கணவனும் மனைவியும். இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு கதவு. வளவு பொது, உடுப்புக் காயப்போடும் கம்பியும் பொது. வளவில் பாதிக்குச் சீமெந்து போட்டு, மீதியில் தக்காளியும் கத்தரியும் நட்டிருந்தார்கள். மேலே திராட்சைப் பந்தல். காலையில் அந்தக் கதவு இடுக்கால் கோப்பி மணம் எங்கள் பக்கம் வரும். அம்மா எழும்புவது அந்த மணத்துக்குத்தான்.

வீட்டுக்கார அம்மாவை நான் சியா என்று கூப்பிட்டேன். அவர்களுடைய மொழியில் மாமி, சித்தி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அவவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், பருமன், முழங்கை வரை எப்போதும் மா. சியாவின் மனுசன் கட்டட வேலைக்குப் போகிறவர். அவரை சியோ என்பேன். விடியப் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. அவர்களுக்கு ஒரே மகன். இந்த நாட்டுப் பெண் ஒருத்தியைக் கட்டியதற்காகத் தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு, குயின்ஸ்லாந்தில் ஏதோ சுரங்க வேலைக்குப் போய்விட்டார். தகப்பன் இருக்கும்போது அந்த வீட்டில் மகனுடைய பெயரை எடுக்க முடியாது.

அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவுடன் நான் சியாவின் பொறுப்பானேன். காலை ஆறு மணிக்கு நடுக்கதவைத் தட்டி அம்மா என்னை உள்ளே விடுவா. பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா வரும்வரையும் அங்கேதான். அப்பா முதலில் தயங்கினார். அவர்களுடைய சாப்பாட்டில் என்ன இருக்கோ என்று பயம். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கதவால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஆச்சரியத்தோடு சொன்னா: “அவையும் வெள்ளிக்கிழமை இறைச்சி சமைக்கிறேல்லை.” அதோடு அம்மாவின் மனம் இளகிவிட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சியாவும் அம்மாவும் கூட்ஸ் ரயில் பாதை ஓரத்தில் கீரை பிடுங்கப் போவார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. சியா ஒரு கசப்புக் கீரையைக் காட்டுவா. அம்மா முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவா. அம்மா தரையோடு படர்ந்த ஒன்றைக் காட்டுவா, சியா அதையும் மடியில் போடுவா. பைகளோடு பின்னால் போகும் நான்தான் இரண்டு பேருக்கும் வாய். பத்து வயதுக்குள் எனக்கு மூன்று மொழிகள் ஆகிவிட்டன. கனவில் வரும் ஆட்களும் மூன்றிலும் பேசினார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் நான் ஒரு பெருமை. அப்பா தான் வேலைசெய்யும் கந்தோரில் சொல்லிப் பெருமைப்படுவார். சியா என்னை மீன் கடைக்கும் தபாற்கந்தோருக்கும் கூட்டிக்கொண்டு போவா. மகனுக்குக் கடிதமும் நான்தான் எழுதினேன். சியாவுக்கு எழுத வராது, மகனுக்கோ இத்தாலிய மொழி பேச்சு மட்டும்தான், வாசிக்க வராது. ஆகவே குசினி மேசையில் அவ பட்டாணி உரித்துக்கொண்டே சொல்லுவா, நான் அதை ஆங்கிலத்தில் எழுதுவேன். பதில் வந்தால் மா டின்னுக்குள் மறைத்து வைப்பா.

முதல் தடவை நான் மாற்றிச் சொன்னது ஒரு சட்டை விசயத்தில்.

தேவாலயத்தில் சின்னப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு. அயலில் உள்ள ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழ் இறங்கும் வெள்ளைச் சட்டை தைக்கும் வேலை சியாவுக்கு வந்தது. இரண்டு கிழமை அந்தத் தையல் மெசின் ஓயவில்லை. நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். என் கண் அந்தத் துணியிலேயே இருந்ததை அவ கவனித்திருக்க வேண்டும். மிஞ்சிய துணியில் எனக்கும் ஒன்று தைத்துவிட்டா. கழுத்தில் சின்ன லேஸ், முதுகில் அரிசி அளவு பொத்தான்கள் பதினொன்று. அதைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து அப்பாவுக்கு முன்னால் சுற்றிக் காட்டினேன்.

அப்பாவின் முகம் மாறிப்போனது. “இண்டைக்குச் சட்டை போடுவினம், நாளைக்குத் தங்கட கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவினம். எங்கட பிள்ளை எங்களுக்கு இல்லாமல் போயிடும்” என்று அம்மாவிடம் சொன்னார். கந்தோரில் அவருடைய பெயரை யாராலும் சொல்ல முடியவில்லை என்று பாதியாக வெட்டியிருந்தார்கள். மிச்சமிருப்பதும் போய்விடும் என்ற பயம் அவருக்கு. இது எனக்கு இப்போது விளங்குகிறது. அன்றைக்கு, நான் அழ அழச் சட்டையைக் கழற்றிப் பிறவுண் பேப்பரில் சுற்றி, சியாவின் மேசையில் வைத்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் வந்தார். திரும்பி வந்து உடுப்பு அலுமாரியை இழுத்து நடுக்கதவை மறைத்து வைத்தார். இனிப் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து உள்ளே பூட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றார்.

மறுநாள் உடுப்புக் காயப்போடும் இடத்தில் சியா என்னைப் பிடித்துக்கொண்டா. சட்டையை ஏன் திருப்பித் தந்தார், அப்பா என்ன சொன்னார் என்று கேட்டா. அப்பா சொன்னதை அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“சட்டை சின்னதாய்ப் போச்சாம்” என்றேன்.

அவ தன் கையாலேயே அளவெடுத்துத் தைத்த சட்டை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, பிள்ளை. நீ வளருறாய்” என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டினா. எனக்கு உயிர் வந்தது. ஒரு சொல்லை மாற்றினால் ஒரு முகம் நோகாமல் இருக்கும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம், சியா கேற்றடியில் நின்றா. தேவாலயத்துக்குப் போடுகிற கறுப்புச் சட்டை, கையில் பை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒருவருக்கும் சொல்லாதே என்றா. டீச்சரிடம் கேட்காமலேயே கூடப் போய்விட்டேன்.

பஸ்ஸில் என் கையைப் பிடித்தபடியே வந்தா. அவவின் கை எப்போதும் சூடாக இருக்கும். அன்றைக்குக் குளிர்ந்திருந்தது. தங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்றா. தன் தாயும் அப்படித்தான் போனவ என்றா. உடம்புக்கு என்ன வருத்தம் என்று மட்டும் எனக்குச் சொல்லவில்லை.

டொக்டர் இளம் ஆள். வெளியே வாங்குகளில் உட்கார இடமில்லாமல் சனம். திரைக்குப் பின்னால் சியாவைப் பார்த்துவிட்டு வந்து, கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினார். பிறகு என்னைப் பார்த்து, இது உன் தாயா என்று கேட்டார். சித்தி என்றேன்.

“நான் சொல்வதை அப்படியே அவவுக்குச் சொல்லவேண்டும். மார்பில் இருக்கிற கட்டி நல்லதாகத் தெரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து படுக்க வேண்டும். மார்பையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம். தள்ளிப் போட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும்.”

சியா டொக்டரைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. வெட்டுவதற்கு இத்தாலியச் சொல் எனக்குத் தெரியும். மேசையில் பாண் துண்டு வெட்டும்போதும் திராட்சைக் கொடியை வெட்டும்போதும் அவ சொல்கிற சொல்தான். அதை அவவுடைய உடம்பின்மேல் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்பு என்ற சொல்லைப் பெரியவர்கள் முன்னால் சொல்லவும் வெட்கம். அவவுடைய உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் நின்றால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறொரு நினைப்பும் இருக்கவில்லை.

“சின்னக் கட்டியாம், சியா. பிறகு ஒருநாள் எடுக்கலாமாம். அவசரமில்லையாம்.”

சியா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டா. பிறகு டொக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நன்றி நன்றி என்றா. அவர் திகைத்துப் போனார். இவவுக்கு விளங்கியதா என்று என்னைக் கேட்டார். விளங்கியது என்றேன். மார்பை எடுக்கப் போகிறோம் என்று கேட்ட ஒரு பெண் ஏன் சிரிக்கிறாள் என்று அவர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். இந்தச் சனங்கள் இப்படித்தான் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கடிதத்தை என்னிடம் தந்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் சியா எனக்கு எலுமிச்சை ஐஸ் வாங்கித் தந்தா. நான் அதை முழுவதும் சாப்பிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது, போனது. யாருக்குச் சொல்வது? பள்ளிக்கூடத்தை விட்டுச் சியாவோடு போனேன் என்று தெரிந்தால் அப்பா என்ன செய்வாரோ என்று பயம். டொக்டர் தந்த கடிதத்தைப் பள்ளிக்கூடக் கழிவறையில் கிழித்துப் போட்டேன். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு கடிதம் தபாலில் வந்தது. சியா அதை மடியில் ஒளித்துக்கொண்டு கம்பியடிக்கு வந்தா. வாசித்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார்கள். வசதிப்பட்டால் வரட்டாம் என்று சொன்னேன். ஒன்றைச் சொன்ன பிறகு அடுத்ததும் அதற்குப் பொருந்தத்தானே சொல்ல வேண்டும்.

அதே இடத்தில் காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவில் நின்றுதான் மகனுக்கும் ஒரு கடிதம் சொன்னா. டொக்டரிடம் போனேன், சின்னக் கட்டி, அவசரமில்லை என்றார், பயப்படாதே, தகப்பனுக்கு ஒரு கடிதம் போடு. நான் சொன்ன பொய்யை என் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன்.

மாசியில் தக்காளி பழுத்தது. வருசம் முழுவதுக்கும் தேவையான குழம்பை ஒரே நாளில் காய்ச்சிப் போத்தலில் அடைப்பார்கள். போன வருசம் அந்த வேலையில் எனக்கும் பங்கு இருந்தது. ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு துளசி மாதிரி இலையைத் தள்ளுவது என் பொறுப்பு. இந்த முறை எங்கள் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய தகரப் பீப்பாவுக்குக் கீழே நெருப்பு, பழைய துணி சுற்றிய பியர் போத்தல்கள், வளவெல்லாம் புளிப்பும் புகையும். சியா இடது கையைத் தூக்காமலேயே வேலை செய்தா. போத்தலை எடுக்கும்போது உடம்பையே திருப்பினா. நான் யன்னலை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்குப் பிறகு மெரிலேண்ட்ஸில் அப்பா ஒரு வீடு வாங்கினார். சாமான் ஏற்றிய அன்று சியா தெருவில் நின்று அம்மாவைக் கட்டிப் பிடித்தா. இரண்டு பேரும் அவரவர் மொழியில் ஏதோ சொல்லி அழுதார்கள். அன்றைக்கு ஒருவரும் என்னை மொழிமாற்றக் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சியோ எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு பெட்டி திராட்சை. இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். மனைவியின் கை வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் மார்பை வெட்டிப் பார்த்தார்கள், இனி ஒன்றும் செய்ய முடியாதென்று மூடிவிட்டார்கள், பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று என்னிடம் சொன்னார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் மாற்றவில்லை.

மூன்று பேரும் லைக்கார்ட் வீட்டுக்குப் போனோம். சியா கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தா. மாப் படிந்த அந்தக் கைகள் மெழுகு மாதிரி இருந்தன. அம்மா அவவின் காலைத் தடவிக்கொண்டு நின்றா. அப்பா கட்டில் ஓரத்தில், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அவவுக்குச் சொல்லு, பிள்ளை. நான் அந்தச் சட்டையைத் திருப்பிக் குடுத்தது பெரிய பிழை. பயத்திலைதான் செய்தனான். மன்னிக்கச் சொல்லு.”

அப்பா ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. சியா என் வாயைப் பார்த்தா, அன்றைக்குப் பார்த்த அதே மாதிரி. அதைச் சொன்னால், சட்டை சின்னதாய்ப் போச்சு என்று நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அது பொய் என்றால் மற்றதும் பொய் என்று யோசிப்பா.

“கெதியாய்ச் சுகம் வரும் எண்டு அப்பா சொல்லுறார்” என்றேன்.

சியா அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தா. தன்னை மன்னித்துவிட்டா என்று அப்பா நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் சாகும்வரை அப்படியே நினைத்திருந்தார், இரண்டொரு முறை என்னிடம் சொல்லியும் இருக்கிறார். நான் ஓம் என்றேன்.

சியா அந்தக் குளிர்காலத்தில் போய்விட்டா. பூசை முடிந்து எல்லோரும் தேவாலயத்துப் படிக்கட்டில் நின்றார்கள். ஒரே கறுப்பு உடை, மெழுகுதிரி மணம். அம்மா அங்கே தெரிந்த பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. கைக்குழந்தையோடு ஒரு பெண் சற்றுத் தள்ளி நின்றாள். அவள் பக்கத்தில் நின்ற உயரமான ஆள் என்னிடம் வந்தார். முகத்தைப் பார்த்தவுடனே மகன் என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் பேசினார்.

“அம்மாவுக்குக் கடிதம் எழுதித் தந்தது நீதானே?”

ஓம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் விசாரித்தாராம். போன வருசமே உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு சின்னப் பெண் கூட வந்து விளங்கப்படுத்தினாள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடிதத்திலோ அவசரமில்லை என்று இருந்தது. அது உண்மை என்று நம்பித்தான் தான் வராமல் இருந்தாராம். தகப்பன் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாராம். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

“டொக்டர் உடனே வரத்தான் சொன்னவர். நான்தான் மாத்திச் சொன்னனான். அவவுக்குப் பயமாயிருந்தது” என்றேன்.

உனக்கு எத்தனை வயது என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன்.

அப்போதுதான் சியோ எங்களிடம் வந்தார். ஒரே இரவில் கிழவராகிவிட்ட மாதிரி இருந்தார். தகப்பனும் மகனும் நாலு வருசத்துக்குப் பிறகு பேசத் தொடங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் அழுவதைப் பார்த்துவிட்டு, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று தங்கள் மொழியில் மகனிடம் கேட்டார்.

மகன் தகப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு இத்தாலிய மொழி தெரியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“அம்மாவில நல்ல விருப்பம் எண்டு சொல்லுறாள்” என்றார்.

சியோ தன் சீமெந்துக் கைகளால் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேலையில் லீவு தரமாட்டார்கள், நீதானே அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாய், கடைசி நாட்களில்தான் அவள் எனக்குச் சொன்னாள், அவளைத் தனியே விடவில்லை, நன்றி பிள்ளை என்றார்.

திருத்திச் சொல்ல எனக்கு அந்த மொழியில் சொற்கள் இருந்தன. மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் சியோவின் முகத்தைப் பார்த்து, பரவாயில்லை என்று அவருடைய மொழியிலேயே சொன்னேன்.